இரண்டு இடது பூட்ஸ்

பிப்ரவரி 3

அன்புள்ள எலிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய் மட்டும்தான் இல்லை. உன் உடம்பு எப்படி? நீ வேலை பார்க்கும் கட்டட சைட்டில் ஃபோனுக்கு சிக்னல் இல்லாதது ஒருவகையில் நல்லதுதான். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

வேலையை விட்டுவிட்டேன். பதறாதே. பதினோரு வருஷம் அந்தப் பட்டறையில் வண்டிகளுக்கு அடியில் படுத்திருக்கிறேன். போன வாரம் முதலாளி கூப்பிட்டு, "அடியில ஒரு பொம்பளை படுத்திருக்கிறதப் பார்த்துட்டு கஸ்டமருங்க யோசிக்கிறாங்கம்மா. இனிமே கவுண்டர்ல உக்காந்து பில் போடு" என்றார். "யோசிக்கட்டும் சார், யோசிச்சா நல்லதுதானே" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பானர் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது உண்மையான செய்தி. பள்ளிக்கூட வேன்களைக் கவனிக்கும் மேடம் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். "ஏழு வேன் இருக்கு. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் முதல் தேதி உன்கிட்ட வண்டி தூக்கற லிஃப்ட் இருந்தா ஏழும் உனக்கு. இல்லேன்னா உன் பழைய முதலாளிக்கே போயிடும்." செகண்ட்ஹேண்டில் நல்ல லிஃப்ட் ஒன்று கிடைத்திருக்கிறது. இரண்டு தூண் வைத்தது. விற்கிறவர் வந்து அப்பாவின் கார் ஷெட்டைப் பார்த்தார். காலால் தரையை ஓங்கி மிதித்தார். "இந்த மண்ணுல வச்சுத் தூக்கினா வண்டி மேல போகாது, தூண்தான் கீழ போகும்."

ஆறு அங்குலக் கான்கிரீட் வேண்டுமாம். நானூறு கார் நிற்கிற தரையெல்லாம் ஊற்றுகிறாயே, உன் அக்காவுக்கு ஒரு கார் நிற்கிற தரைக்கு வழி சொல். எல்லாவற்றையும் எழுது. அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 16

என் அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். சோறு நேரத்துக்குக் கிடைக்கிறது. அம்மா, மாத்திரையை மறக்காதே.

அக்கா, கடிதத்தைப் படித்துவிட்டுக் கட்டிலிலிருந்து குதித்தேன். மேல் கட்டில் என்பதை மறந்துவிட்டேன். வெல்டர் அண்ணன் மேல் விழுந்தேன். "என்னடா, லாட்டரியா?" என்றார். "அதைவிட மேல, எங்க அக்கா கடை போடறா" என்றேன்.

முதலில் ஓர் அடி ஆழம் மண்ணை வெட்டி எடு. தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு, குதித்தால் தடம் விழாத அளவுக்கு இடி. அதன் மேல் ஜல்லி, அதையும் இடி. மேலே பிளாஸ்டிக் ஷீட். அதற்கு மேல் கம்பி வலை. கம்பியைத் தரையோடு படுக்க வைத்தால் அதற்கு வேலையே இல்லை. சின்னச் சின்னக் கான்கிரீட் கட்டைகளை அடியில் கொடுத்து நடுவில் நிறுத்து. தூண் வரும் இடம் ரசமட்டத்தில் சமமாக இருக்கட்டும். அதைத் தாண்டி வாசல்வரை லேசான சரிவு. கலவையில் தண்ணீர் கூடக்கூடாது. ஒரு பிடி கையில் எடுத்து அழுத்திப் பார், உருண்டையாக நிற்க வேண்டும்.

கடைசித் தேய்ப்பு மட்டும் என்னுடையது. ஏப்ரலில் லீவு கேட்டிருக்கிறேன். ஓரத்தில் மண்டி போட்டு, கரண்டி பிடித்து, பின்பக்கமாகவே நகர்ந்து வந்து முடிப்பேன். உன் முகம் தெரிகிற மாதிரி தேய்த்துத் தருகிறேன். பயப்படாமல் பார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். முந்தாநாள் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். எங்கள் பதினோரு பேருக்கும் புது ரப்பர் பூட்ஸ் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். கார் கிளம்பியதும் பூட்ஸைத் திரும்ப வாங்கிச் சாக்கில் போட்டுவிட்டார்கள். எனக்குக் கொடுத்தது இரண்டும் இடது கால். படம் எடுத்தவரிடம் கெஞ்சி ஒரு பிரதி வாங்கினேன். பின்னால் தேதியும் முத்திரையும்கூடப் போட்டுக் கொடுத்தார்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே மேசை கிடையாது. முழங்காலில் அட்டை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எலி

பிப்ரவரி 28

எலிக்கு,

நாங்கள் நலம். என் இரண்டு உள்ளங்கையும் மட்டும் நலமில்லை, கொப்புளம். மண்ணை வெட்டி முடித்துவிட்டேன். அப்பா தொலைத்துவிட்டு நம் இரண்டு பேர் மேலும் பழி போட்ட ஜாக்கிக் கைப்பிடி அரை அடி ஆழத்தில் கிடந்தது. அம்மா அதைக் கழுவி, அவர் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "இப்பவாவது ஒத்துக்குங்க" என்றாள்.

திமிசு வாடகைக்கு எடுத்தேன். எதிர்வீட்டு டிரைவர் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்ன பாப்பா, நீச்சல் குளமா?" என்றார். "ஆமா அண்ணே, உங்க வண்டியத்தான் முதல்ல முக்கப் போறேன்" என்றேன். மனிதர் வெட்கப்பட்டு வந்து ஒரு மணி நேரம் இடித்துக் கொடுத்தார். நேற்று நான் குதித்துப் பார்த்தேன். தடம் இல்லை. அம்மாவும் குதிக்கிறேன் என்றாள், பிடித்து உட்காரவைத்தேன்.

போட்டோவை ஷெட் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதில் நீ கோழி மாதிரி ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கிறாய். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், "அப்ப தினமும் எதப் போட்டுக்கிட்டு இறங்கறான்?" என்று கேட்டாள். எதைப் போட்டுக்கொண்டு இறங்குகிறாய்?

அக்கா

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

சுகம். அவசரமாக எழுதுகிறேன், லாரி வந்துவிட்டது.

காலில் பிளாஸ்டிக் பை சுற்றிக் கயிறு கட்டிக்கொள்வோம். ஒன்றும் ஆகாது என்று அம்மாவிடம் சொல். இதுவரை எதுவும் ஆனதில்லை. மண்டி போடும் பலகைகளைத்தான் ஃபோர்மேன் முட்டுக் கொடுக்க எடுத்துப் போய்விட்டார். கேட்டால், "உனக்கு என்ன, சோபா வேணுமா?" என்கிறார்.

லீவு கிடைத்துவிட்டது, அக்கா. ஏப்ரல் இருபதாம் தேதி பஸ். மிக்சர் மெஷினுக்கு இருபத்தாறாம் தேதி சொல்லி வை. அதற்குமேல் தள்ளாதே. ஊற்றி இருபத்தெட்டு நாள் கழித்துத்தான் தூணுக்கு போல்ட் போட வேண்டும். அடுத்த வாரம் இங்கே அடித்தளத்துக்கு ஊற்றுகிறோம். இடைவெளியே இல்லாமல் இரண்டு பகல் ஓடும். முடித்ததும் விவரமாக எழுதுகிறேன்.

எலி

மார்ச் 25

எலிக்கு,

நலம். அடித்தளம் முடிந்ததா? கம்பி வலை கட்டிவிட்டேன். முந்நூற்று நாற்பது முடிச்சு, எல்லாம் என் கையால். கட்டைகளுக்கு மேல் வலை நிற்பதைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. வலை மேல் காய வைத்த அம்மாவின் சேலையை எடுக்கச் சொல்லிப் பெரிய சண்டை.

பழைய முதலாளி தெருவில் மெதுவாக வண்டி ஓட்டிக்கொண்டு போனார். இரண்டு முறை. ஜன்னல் கண்ணாடி ஏறித்தான் இருந்தது. நான் கை காட்டினேன்.

எழுது.

அக்கா

ஏப்ரல் 8

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை. ஒரு மாதம் ஆகிறது. தபால்காரர் நம் தெருவில் நுழையும்போதே தலையை ஆட்டிவிடுகிறார். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இருபதாம் தேதி வருகிறாயா இல்லையா என்று ஒரு வரி போதும். மிக்சருக்குச் சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் கடைசித் தேய்ப்பு யார் செய்வது?

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

ஒரு சந்தோஷச் செய்தி. எனக்குப் பதவி உயர்வு. என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் என் பொறுப்பு. புதுப் பொறுப்பு என்பதால் லீவு கிடையாது. என்னால் வர முடியாது. தேதியைத் தள்ளாதே, நீயே ஊற்று. உன்னால் முடியும்.

தேய்ப்பு பெரிய வித்தையில்லை. மேலே நிற்கும் தண்ணீர் தானாகப் போகட்டும். ஏறி நின்றால் பூட்ஸ் தடம் கால் அங்குலம்தான் பதிய வேண்டும். அப்போது ஆரம்பி. நடுவில் குறுக்காக ஒரு கோடு வெட்டு. தூண் பக்கம் வேண்டாம். கான்கிரீட் எப்படியும் வெடிக்கும், எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் சொல்லிவிட வேண்டும்.

கலவையைக் கையில் பிடித்துப் பார் என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிடு. கரண்டியால் பார். கையுறை போடு. பூட்ஸ் முழங்காலுக்குக் கீழ்வரை உயரமாக இருக்கட்டும், உள்ளே தண்ணீர் விட்டு ஓட்டை இருக்கிறதா என்று பார். மண்டி போட்டால் பலகை மேல்தான் போட வேண்டும். வெறும் முழங்காலை ஈரக் கான்கிரீட்டில் ஒரு நிமிஷம்கூட வைக்காதே. துணி நனைந்தால் உடனே கழற்றிவிட்டு நிறையத் தண்ணீரில் கழுவு. வலிக்கவில்லை என்று இருந்துவிடாதே. வலிக்காது. சாயங்காலம் துணியைக் கழற்றும்போதுதான் தெரியும். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் இதைச் சொல்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஏப்ரல் 27

எலிக்கு,

தரை ஊற்றியாகிவிட்டது. பேனாவைப் பிடித்தாலும் விரல்கள் கரண்டியைப் பிடித்த மாதிரியே மடங்குகின்றன.

நேற்று விடிந்ததும் மிக்சர்காரர் வந்தார். கூட இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். நாலு பேரும் வெறுங்கால். உன் கடிதத்தைப் படித்த மறுநாளே கடைக்குப் போய் ஆறு ஜோடி பூட்ஸ் வாங்கியிருந்தேன், பல அளவில். எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வரிசையாக வைத்ததும் மிக்சர்காரர், "இது என்னம்மா பள்ளிக்கூடமா, யூனிஃபார்ம் குடுக்கறீங்க?" என்றார்.

"போட்டாத்தான் மெஷின் ஓடும்."

"மெஷின் என்னுது."

"தரை என்னுது."

போட்டார்கள். சட்டி தூக்குகிற அக்கா ஒருத்தி, ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுச் சரிபார்த்தபடி, "பன்னெண்டு வருஷமா சட்டி தூக்கறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் என் கால் அளவு என்னன்னு கேட்டதில்ல" என்றாள். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மூன்றாவது கலவையிலேயே மிக்சர்காரர் திருட்டுத்தனமாக ஒரு வாளி தண்ணீரைக் கூட ஊற்றப் போனார். "கொஞ்சம் தண்ணி விட்டா வழுக்கிட்டுப் போகும்மா." "வழுக்கிட்டுப் போக இது என்ன சறுக்குமரமா?" என்று வாளியைப் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா நாற்காலியைப் போட்டு வாளியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் யாரும் தண்ணீர் பக்கமே போகவில்லை.

எதிர்வீட்டு டிரைவரும் நானும் மட்டப்பலகையை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்து இழுத்தோம். பதினோரு மணிக்கு மேல் கான்கிரீட்டில் நின்ற தண்ணீர் வற்றியது. பூட்ஸ் தடம் கால் அங்குலம். பலகை மேல் மண்டியிட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். முதல் ஓரத்தில் கரண்டி அலை அலையாக இழுத்தது, அது அப்படியே நின்றுவிட்டது. உள்மூலை, யாருக்கும் தெரியாது. பாதியில் கை பழகிவிட்டது. வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். முகம் தெரியவில்லை, ஆனால் டியூப்லைட் தெரிந்தது. அத்தனை பேரும் கைதட்டினார்கள். ஈரச் சாக்கு போர்த்திவிட்டேன், பத்து நாள் காயவிட மாட்டேன்.

இனி வருவதை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

உன் கடைசிக் கடிதத்தை அம்மா கையில் வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் அவள் எப்போதும் பார்ப்பாள். "எழுத்து நேரா வந்திருக்கு. பையனுக்கு மேசை கிடைச்சிடுச்சு" என்று சந்தோஷப்பட்டாள். நான் அதை வாங்கி மறுபடி முதலிலிருந்து படித்தேன். வண்டி தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்து எங்கே கோளாறு என்று சொல்கிறவள் நான். பூட்ஸ் சாக்கு உன் பொறுப்பில் இருந்தால் முதல் நாளே எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு வேலை போய் வீட்டுக்கு வந்திருப்பாய். வலிக்காது என்று உனக்கு யார் சொன்னது?

முழங்காலில் அட்டை வைத்து ஒரு கடிதம் எழுதி அனுப்பு. முடியாவிட்டால் உண்மையை எழுது.

அக்கா

மே 10

அக்கா,

நீ நலமா? அம்மா நலமா? நான் எங்கே இருக்கிறேன் என்பதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில். மார்ச் பதினேழிலிருந்து. உன் கடிதங்களை வெல்டர் அண்ணன் கொண்டுவந்து தருகிறார்.

அடித்தளம் ஊற்றிய இரண்டாம் நாள். மூலையில் மூன்று மணி நேரம் மண்டி போட்டுத் தேய்த்தேன். பலகை இல்லை. பை கிழிந்தது தெரியவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் பேன்ட்டைக் கழற்றினேன், தோலும் கூடவே வந்தது. ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரித்துவிடுமாம். இரண்டு முழங்காலும், அதற்குக் கீழே கெண்டைக்கால்வரையும். தொடையிலிருந்து தோல் எடுத்து இரண்டு முறை ஒட்டியிருக்கிறார்கள். நடப்பேன். கொஞ்ச காலம் தடியோடு. மண்டி போடக் கூடாது, இனி எப்போதும்.

கம்பெனியிலிருந்து பாதுகாப்பு அதிகாரி கோப்போடு வந்தார். பூட்ஸ் வாங்கியதற்கு என் கையெழுத்து, பதினோரு பேரும் நிற்கும் போட்டோ. "நாங்க குடுத்தோம், நீ போடல. உன் அலட்சியம்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா ஆஸ்பத்திரிச் செலவையும் ஊருக்கு டிக்கெட்டையும் பார்த்துக்கறோம்" என்கிறார். மாதக் கடைசியில் மறுபடி வருவார். போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். மண்டி போட முடியாதவனுக்கு இந்தத் தொழிலில் என்ன இருக்கிறது?

உன் தரையைப் பற்றி எழுதியிருந்ததை வார்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மா வாளியோடு உட்கார்ந்த இடத்தில் நர்ஸ் சிரித்துச் சிரித்து ஊசியைத் தப்பாகக் குத்திவிட்டார்.

எலி

மே 17

எலி,

நாங்கள் நலமில்லை. ஆனால் தெம்பாக இருக்கிறோம். இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

கையெழுத்துப் போடாதே.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "மேசை கிடைச்சிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேனே" என்றாள். பிறகு, "கையெழுத்துப் போட்டான்னா இந்த வாசல்ல ஏத்த மாட்டேன்னு எழுது. இல்ல, ஏத்துவேன். பேச மாட்டேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் ஷெட்டுக்கு ஓடினேன். சுவரில் போட்டோ. மூன்று மாதமாக அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு முட்டாளும் யோசிக்கவில்லை, நான் உட்பட. ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினேன். எத்தனை தெளிவாக இருக்கிறது தெரியுமா? இரண்டு பூட்ஸும் இடது. இரண்டு முனையும் ஒரே பக்கம் வளைகின்றன. உனக்குப் பக்கத்தில் நிற்கும் குள்ளமான ஆளுக்கு பூட்ஸ் தொடைவரை வருகிறது. படத்தின் ஓரத்தில் ஸ்டோர்க்காரன் வெறும் சாக்கைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், எப்போது கழற்றுவார்கள் என்று. பின்னால் தேதி, முத்திரை.

அதைத் தொழிலாளர் சங்கத்து வக்கீலம்மாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். "கால் அளவு பார்த்துக் குடுக்கலேங்கறதுக்கு அவங்களே போட்டோ எடுத்து வச்சிருக்காங்களே. இத யாரும் பார்க்கலையா?" என்றார். பார்க்க மாட்டார்கள். அவர்கள் நம் முகத்தையே பார்ப்பதில்லை, காலையா பார்க்கப் போகிறார்கள்?

பெரிதாக்கியதில் மூன்று பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று வெல்டர் அண்ணனுக்கு, ஒன்று அந்த அதிகாரிக்கு. ஒரிஜினல் அம்மாவின் பெட்டியில், அவள் சேலைக்கு அடியில். அதை எடுக்க இராணுவம் வந்தாலும் முடியாது.

இன்னொன்று. மண்டி போட முடியாதவனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாய். லிஃப்ட் எதற்கு வாங்குகிறேன் என்று நினைத்தாய்? யாரும் மண்டி போடாமல், படுக்காமல் வேலை செய்யத்தான்.

அக்கா

மே 30

என் அக்காவுக்கும், என்னோடு பேசப்போகிற அம்மாவுக்கும்,

நன்றாக இருக்கிறேன், இந்த முறை நிஜமாக.

அதிகாரி நேற்று வந்தார். பேனாவைத் திறந்து கையில் கொடுத்தார். நான் போட்டோவைக் கொடுத்தேன்.

"இது எங்ககிட்டயே இருக்கே" என்றார்.

"சார், இதுல என் வலது கால் எது?"

சிரித்தார். குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார், வைக்கும்போது கை தவறிக் கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. என்னால் குனிய முடியாது, தெரியுமே.

படத்தில் இருக்கும் மற்ற பத்துப் பேரில் ஆறு பேர் தொழிலாளர் அலுவலகத்தில் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் பயந்துவிட்டார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வழக்கு எடுத்துக்கொண்டார்கள். எத்தனை வருஷம் ஓடுமோ. ஆனால் வெல்டர் அண்ணன் ஒன்று சொன்னார். இன்று காலையில் பூட்ஸ் சாக்கைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தார்களாம். சாயங்காலம் திரும்ப வாங்கவில்லை. நாளைக்கு என்ன செய்வார்கள் என்று தெரியாது.

பன்னிரண்டாம் தேதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தரை எப்படி இருக்கிறது?

எலி

ஜூன் 2

எலிக்கு,

நாங்கள் நலம், உன் வருகைக்காகத் தெருவையே பெருக்கிக்கொண்டிருக்கிறோம்.

நேற்றுக் காலை முதல் வேன் வந்தது. மேடமே ஓட்டிவந்தார். தூண்களுக்கு நடுவில் நிறுத்தி, லிஃப்டின் நாலு கையையும் அடியில் கொடுத்து, பொத்தானை அழுத்தினேன். வேன் மேலே போனது, எலி. என் தலைக்கு மேலே. தரையில் ஒரு கீறல் இல்லை. நீ சொன்ன கோட்டில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, சொன்ன இடத்தில் சொன்னபடி. அம்மா ரசமட்டத்தைக் கேட்டு வாங்கித் தூணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது. எதிர்வீட்டு டிரைவர் தன் வண்டியையும் தூக்கிக் காட்டச் சொல்லி அடம் பிடித்தார். பிரேக் சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன்.

நான் பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு வண்டியின் அடியில் நின்றுகொண்டு வேலை செய்தேன். முதுகுவலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஜன்னல் பக்கம் உயரமான மேசை ஒன்று போட்டிருக்கிறேன். ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் எல்லாம் உட்கார்ந்து பிரிக்கிற வேலை. முதல் வாரம் நிறையக் கெடுப்பாய், திட்டுவேன். ஏழு வேன், நான் ஒருத்தி. இரக்கப்பட்டு யாரையும் வேலைக்கு வைக்கிற ஆள் நான் இல்லை என்பது உனக்கே தெரியும்.

உள்மூலையில் அலை விழுந்தது என்று எழுதினேனே, அந்த இடத்தைப் பார்த்துவிட்டு நீ என்ன சொல்லப்போகிறாய் என்று இப்போதே கேட்கிறது. வந்து சொல்.

மேசைக்கு அடியில் உனக்கு பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். கடைக்காரர் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். நான் அங்கேயே பிரித்துப் பார்த்தேன். இடது ஒன்று, வலது ஒன்று.

அக்கா